போய்ப் பார்த்தால்தான் தெரியும்

2022 அக்டோபர் 11, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்தேன். பாலில்லாத கட்டங்காப்பி. ஷூ நாடாவுக்கு இரட்டை முடிச்சு. மட்டாஞ்சேரியிலிருந்து பள்ளுருத்தி வெளி மைதானம் வரை ஓட்டம், அதே வழியில் திரும்பல். குளியல். அவித்த நேந்திரம்பழம் ஒன்று, முட்டை ஒன்று. எட்டரைக்கு ஆய்வகம், புதிதாக வந்த மிளகு மாதிரிகளுக்கு ஈரப்பதம் பார்த்தேன். மாலையில் துணி மடித்தேன். இரவு கஞ்சியும் பயறும்.

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கம் அவ்வளவுதான். ஓரத்தில் மட்டும் ஒரு வரி அதிகமாக இருக்கிறது: "கீழ்க்கடை இத்தா ஒன்று கேட்டார். பதில் தெரியவில்லை."

இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை இத்தா என்பார்கள். என் மாடி வீட்டுக்குக் கீழே அவருடைய கடை. கல்யாணங்களுக்கு அண்டா அளவுப் பிரியாணிச் செம்பு, நாற்காலி, தண்ணீர் டிரம், பந்தல் துணி எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற கடை. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அதனால் இங்கேயும் எழுதவில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், கனத்த உடம்பு. பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம்; வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும்.

நான் போடிநாயக்கனூர்க்காரி. ஏலக்காய்க் கம்பெனி ஒன்றின் வழியாகக் கொச்சிக்கு வந்து இருபது வருடமாகிறது. தனியாக இருக்கிறேன். அந்த வருடம் எனக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை நான் செய்த காரியங்கள் எல்லாம் யாரோ கொடுத்தவை. படிப்பு அப்பா சொன்னது, வேலை சித்தப்பா பிடித்துக் கொடுத்தது, கொச்சி கம்பெனி அனுப்பியது. ஜனவரியில் எர்ணாகுளத்தில் நடக்கவிருந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் யாரும் சொல்லாமல் நானே பெயர் கொடுத்தேன். கொடுத்த அன்று ஏதோ திருட்டு வேலை செய்ததுபோல் சந்தோஷமாக இருந்தது.

பயிற்சி அட்டவணை ஒன்றை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். ஒரு மாதம் அதன்படி எல்லாம் நடந்தது. பிறகு நின்றுபோகிற நிலைமை வந்தது. காரணம் கால்வலியும் இல்லை, மூச்சுவாங்கலும் இல்லை. தினமும் காலையில் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்று ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று அப்படியே உட்கார்ந்திருப்பேன். அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஓடி முடித்து வியர்வையோடு படியேறப் போகும்போது இத்தா கடை வாசலில் செம்பு கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மோளே, நீ தினம் எங்கே வரைக்கும் போறே?"

"பள்ளுருத்தி வெளி வரைக்கும், இத்தா."

"அப்போ அந்த முக்குல மஞ்ச வீடு உண்டல்லோ, அங்கே பந்தல் கால் நட்டாச்சா?"

"மஞ்ச வீடா?"

"அய்யோ. ஒரு மாசமா ஓடறே. ஓடறப்போ கண்ணை வீட்ல பூட்டி வச்சிட்டுப் போவியோ?"

அந்த வீட்டுக் கல்யாணத்துக்குத் தன்னிடம் சாமான் எடுப்பார்களா, வேறு கடைக்குப் போய்விட்டார்களா என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. வியாபாரக் கேள்வி என்றுதான் நினைத்தேன். மறுநாள் அந்த முக்கு வரும்வரை எனக்கு வேறு நினைப்பே இல்லை. நாலு கால் நட்டிருந்தார்கள். ஐந்தாவதுக்குக் குழி தோண்டியிருந்தார்கள், குழியில் ஒரு பூனை படுத்திருந்தது. வந்து சொன்னேன். இத்தா பந்தலை விட்டுவிட்டுப் பூனையைப் பிடித்துக்கொண்டார். என்ன நிறம், குட்டி போட்ட பூனையா, குழிக்குள் எப்படி இறங்கியது? நான் எதையும் கவனித்திருக்கவில்லை.

"நாளைக்கு நானும் வரேன்," என்றார். "உன்னை நம்பி ஒரு பூனையக்கூட விட முடியாது."

வந்தார். நீளச் சுடிதார், தலைத்துணியை இறுக்கி ஊசி குத்தியிருந்தார், காலில் மகன் விட்டுப்போன கான்வாஸ் ஷூ. அவர் ஓடியதை ஓட்டம் என்று சொல்லலாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வேகநடை, நடுவில் ஒரு குதிநடை, திடீரென்று நிற்பது. தூரத்தில் ஏதாவது தெரிந்தால் மட்டும் என்னைத் தாண்டிப் போய்விடுவார். கடைத்தெருவில் சுமை இறக்குகிற ஆட்கள் கத்துவார்கள்.

"இத்தா, எங்கோட்டா ஓட்டம்?"

"உனக்குப் பொண்ணு பாக்கத்தான்டா. மூஞ்சி கழுவிட்டு நில்லு!"

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளுருத்தியைத் தாண்டி இடக்கொச்சிக்கு என் ஓட்டம் நீண்டது இந்தச் சட்டத்தால்தான். அங்கே காயலோரத்தில் ஒரு புது வள்ளம் வண்ணம் பூசாமல் கவிழ்ந்து கிடந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்குச் சொந்தம். அண்ணனுக்கு நீலம் வேண்டும், தம்பிக்குப் பச்சை வேண்டும் என்று பக்கத்துச் சாயாக்கடையில் பேசிக்கொண்டார்கள். இத்தா அதைக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வாரம் இரண்டு தடவை நாங்கள் இடக்கொச்சி போனோம், ஒரு வள்ளத்துக்கு என்ன நிறம் அடிக்கப் போகிறார்கள் என்று பார்க்க.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற சேட்டன் இடக்கொச்சிக்காரர். ஒருநாள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தார். "இத்தா, வள்ளத்தோட ஃபோட்டோ எடுத்தாச்சு, இதா நோக்கு..."

இத்தா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "காட்டாதே சேட்டா! காட்டினா இனிமே உன் மத்தி எனக்கு வேண்டா, சத்தியம்!"

"இது என்ன பிராந்து?" என்று, பைத்தியத்தைக் கண்டவர்போல் சேட்டன் என்னைப் பார்த்தார். எனக்கும் பார்க்க வேண்டாம் போலத்தான் இருந்தது. நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இடக்கொச்சி போய்ச் சேர்ந்ததும் அவர் வேலை முடிந்தது. "பாத்தாச்சல்லோ, இனி எதுக்கு ஓடணும்?" என்று பஸ் ஏறிவிடுவார். திரும்பி ஓடுகிற தூரம் என்னுடையது. அதுதான் நீளம். வெயில் ஏறும், பஸ்கள் உரசும், பழைய கேள்வி மறுபடி வரும்: எதற்கு? ஒருநாள் அவரிடம் புலம்பினேன். அடுத்த தடவை பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகக் கத்தினார். "உன் வாசல்ல ஒண்ணு வைக்கப் போறேன். என்னன்னு வந்து பாரு!"

மூடிய கிண்ணம் ஒன்று இருந்தது. திறந்தால் அரிசிமாவுப் பத்திரியும் தேங்காய்ப்பாலும். அடுத்த வாரம் உப்பிலிட்ட நெல்லிக்காய். அதற்கடுத்த வாரம் கிண்ணத்தைத் திறந்தேன், வெறும் கருங்கல்.

"இத்தா, இது என்ன?"

"கல்லு."

"அது தெரியுது. எதுக்கு?"

"நீ என்ன, திங்கறதுக்கா ஓடி வந்தே? தெரிஞ்சுக்கத்தானே வந்தே? தெரிஞ்சாச்சல்லோ."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த வாரம்தான் நான் முதன்முறையாக நடுவில் நிற்காமல் திரும்பியிருந்தேன்.

அவருடைய இந்தக் குணம் எல்லோருக்கும் பிடித்தது என்று சொன்னால் பொய். பள்ளுருத்திப் பாதையில் ஒரு வீட்டில் எங்களைக் கண்டதும் ஜன்னலைச் சாத்துவார்கள். இன்னொரு வீட்டுக்காரர் வாசலுக்கே வந்து, "என்ன வேணும் உங்களுக்கு? தினம் எட்டிப் பாக்கறீங்க?" என்றார். இத்தா கொஞ்சமும் கூசாமல், "உங்க நாய் குட்டி போட்டாச்சான்னு தெரியணும்," என்றார். அவர் கேட்டைப் படாரென்று அடைத்தார். என்னிடமும் இரண்டாம் நாளே கேட்டுவிட்டார், ஏன் கல்யாணம் வேண்டாம் என்று. நான் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினேன். அதற்குப் பிறகு ஒரு பத்து நாள், எப்போது மறுபடி கேட்பாரோ என்று பயந்துகொண்டே அவரோடு ஓடினேன். கேட்கவில்லை. ஆனால் மறந்தும் விடவில்லை என்பது அவர் பார்வையில் தெரிந்தது.

ஒரே ஒரு தடவை அவர் பார்க்காமல் வந்ததைக் கண்டிருக்கிறேன். வழியில் ஒரு வீட்டுக் கொடியில் தினமும் குழந்தைத் துணிகள் காயும். கைக்குட்டை அளவு சட்டைகள். ஒருநாள் கொடி வெறுமையாக இருந்தது. மறுநாளும். குழந்தையைத் தாய்வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். வேறு ஏதாவதும் இருக்கலாம். நான்தான் சொன்னேன், "இத்தா, நின்னு பார்க்கலாமா?" அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். "வேண்டா. அது போய்ப் பாக்கற விஷயமில்லே." அடுத்த நாளிலிருந்து நாங்கள் வேறு சந்து வழியாகப் போனோம். எது போய்ப் பார்க்கிற விஷயம், எது இல்லை என்பதை அவர் எப்படிப் பிரித்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பிடிபடவில்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் ஓடவில்லை, மறுநாளும் ஓடவில்லை, பிறகு ஓடாமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது. ஓட்டத்தை விட்டுவிடலாம் என்று நான் ஏறக்குறைய முடிவு செய்தேன். விட்டால் கேட்பதற்கு யாரும் இல்லை. அதுதான் வசதி, அதுதான் வருத்தமும். ஒரு காலை இத்தா குடையோடு படியில் பாதி ஏறி வந்து நின்றார்.

"மோளே, வள்ளத்தைக் காணோம்."

"என்ன?"

"காணோம்னு பஸ்காரன் சொல்றான்." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

தன் சட்டத்தைத் தானே மீறி யாரிடமோ கேட்டிருக்கிறார், அல்லது பொய் சொல்கிறார். இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தூறலில் கிளம்பினேன். பின்னாலேயே அவரும் வந்தார், குடையைப் பிடித்துக்கொண்டு குதிநடையில். இடக்கொச்சியில் வள்ளத்தை ஓலைக் கொட்டகைக்குள் நகர்த்தியிருந்தார்கள். வண்ணமும் பூசியிருந்தார்கள். இடதுபக்கம் நீலம், வலதுபக்கம் பச்சை. மூக்கில் இரண்டும் சேருகிற இடத்தில் கோணலாக ஒரு கோடு.

இத்தா மழையில் நின்று சிரித்த சிரிப்பில் சாயாக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

அன்று சாயா குடிக்கும்போதுதான் ஜனவரிக்கு நீங்களும் பெயர் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "முடிவு எங்கேன்னு படம் போட்டே குடுத்திருக்காங்க. அப்புறம் என்ன பாக்கறதுக்கு அது வரைக்கும் போகணும்?"

என் பயத்தை அப்போது அவரிடம் சொன்னேன். மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. என் வேகத்துக்கு அது கயிற்றில் நடப்பது போல. எட்டாம் வகுப்பில் விளையாட்டு விழாவில் மைதானத்தை நாலு சுற்று ஓடினேன். நான் கடைசிச் சுற்று முடித்து வந்தபோது அடுத்த போட்டிக்காக முடிவுக் கோட்டை அழித்துவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதுபோல் மறுபடி நேர்ந்தால், நானே எடுத்துக்கொண்ட ஒரே காரியமும் அப்படித்தான் முடியும்.

இதைக் கேட்கிற யாரும் 'ஐயோ பாவம்' என்பார்கள், அல்லது 'இந்தத் தடவை அப்படி ஆகாது' என்பார்கள். இத்தா சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"அப்போ நீ எங்கே நின்னே?"

"என்னது?"

"கோடு இல்லையல்லோ. எங்கே நிக்கணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

முப்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சம்பவம் எனக்குள் கிடந்தது. அந்தக் கேள்வியை நானே கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன். "தண்ணிக் குழாய் வரைக்கும் ஓடினேன். அங்கே நின்னேன்."

"அப்போ எல்லாரையும்விட நீதான் கூடுதல் ஓடினே," என்றார். ஆறுதலாகச் சொல்லவில்லை, கணக்குச் சரியா என்று பார்க்கிற முகத்தோடு சொன்னார். பிறகு அவருக்கே ஒன்று தோன்றியது. "இந்தப் பெரிய ஓட்டத்துல கடைசியா வர்ற ஆளுக்கு என்ன செய்வாங்க? பந்தல்ல கடைசிப் பந்திக்கு உக்கார்ற ஆளு கை கழுவற வரைக்கும் நாங்க செம்பு எடுக்க மாட்டோம். இவங்க எப்படி?"

"தெரியாது, இத்தா."

"அப்போ நான் வரேன். ஓட இல்லே. அதைப் பாக்க."

இப்போது இத்தா இங்கே இல்லை. கடையை வேறொருவர் நடத்துகிறார். இத்தா மகளோடு பாலக்காட்டில் இருக்கிறார். நான் வருடத்துக்கு இரண்டு ஓட்டம் ஓடுகிறேன். யாராவது புதிதாகப் பயிற்சி தொடங்குகிறவர்கள் மனம் தளராமல் இருக்க என்ன வழி என்று என்னிடம் கேட்டால், அட்டவணையைக் கொடுத்துவிட்டு இத்தாவைப் பற்றியும் சொல்வேன். அட்டவணையை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த ஜனவரி ஓட்டத்தன்று முதல் பாதி நன்றாகப் போயிற்று. ஐலண்ட் பாலத்தில் ஏறும்போது வெயில் வந்துவிட்டது. பாலத்தின் நடுவில் ஒரு இளைஞர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். அதற்கப்புறம் சாலையோரத்துத் தண்ணீர் மேசைகளை மடித்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் பார்த்தேன். இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது, நேரம் போதாது. கணக்கில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை, அன்றும் வரவில்லை. விதிப்படி நான் தோற்றாகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு ஆட்டோ கூப்பிட்டிருக்கலாம்.

அப்போது ஒன்று தோன்றியது. கடைசியில் வருகிறவர்களுக்கு அங்கே என்ன செய்கிறார்கள்? இத்தாவுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. ஆட்டோவில் போய் அவரிடம் கேட்டால் சொல்ல மாட்டார்.

ஓடினேன். நடந்தேன், மறுபடி ஓடினேன்.

மைதானத்துக்குள் திரும்பியபோது பந்தல் துணியை அவிழ்த்திருந்தார்கள். நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன. பெரிய கடிகாரத்தைக் காணோம். ஆனால் முடிவுக் கோட்டின் மேல் காற்றடைத்த வளைவு அப்படியே நின்றது. பக்கத்தில் அதற்குக் காற்று ஊதுகிற மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அதன் அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் இத்தா. அவர் முன்னால் நாற்பது வயது ஆள் ஒருவர் குத்தவைத்து, குழாயின் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். வளைவுக்குச் சொந்தக்காரர், சங்கரன்கோவில் பக்கம்.

"எம்மா, நான் ஆஃப் பண்ணணும்மா. வண்டி நிக்குது."

"பண்ணு, யாரு வேண்டாம்னா? இது ஒண்ணு மட்டும் சொல்லு. ஆஃப் பண்ணா முன்னாடி விழுமா, பின்னாடி விழுமா?"

"நடுவுல மடங்கும்மா."

"காத்தடிச்சா?"

"கயிறு கட்டிருக்கோம்ல."

"அப்போ ஓட்டை விழுந்தா எப்படி ஒட்டறே?"

அரை மணி நேரமாக இதுதான் நடந்தது என்று பிறகு எனக்குத் தண்ணீர் கொடுத்த பெண் சொன்னாள். அவர் சுவிட்சுக்குக் கை கொண்டுபோவார், இத்தா அடுத்ததைக் கேட்பார், அவர் கையை எடுத்துவிட்டு விளக்குவார். தன் தொழிலைப் பற்றி இவ்வளவு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் அவர் ஒரு ரப்பர்த் துண்டை எடுத்துப் பசை தடவியே காட்டிக்கொண்டிருந்தார்.

நான் வளைவுக்கு அடியில் கோட்டைக் கடந்து நின்றேன். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தது. இத்தா என்னைப் பார்த்தார். உடனே என் தோளுக்கு மேலே சாலையைப் பார்த்தார்.

"பின்னாடி ஆளு உண்டோ?"

"ஒருத்தர் உண்டு. பாலத்துல உட்கார்ந்திருந்தார்."

"அப்போ நீ கடைசி இல்லே. உன்னைப் பாத்து எனக்கு என்ன பிரயோஜனம்?"

வளைவுக்காரர் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவி எனக்குப் போட்டார். தானும் ஒன்றில் உட்கார்ந்தார். "வரட்டும்மா," என்றார். சுவிட்சைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை இத்தா எதுவும் கேட்கவுமில்லை.

ரொம்ப நேரம் கழித்து அந்த இளைஞர் நொண்டிக்கொண்டு வந்தார். பதக்கப் பெட்டி வேனுக்குள் போயிருந்தது. தண்ணீர்ப் பெண் ஏறித் தேடி எங்கள் இருவருக்கும் எடுத்து வந்தாள். வளைவுக்காரர் மோட்டாரை விட்டு எழுந்து போய், தன்னுடைய சொந்தத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இளைஞர் கையில் கொடுத்தார்.

"செரி. தெரிஞ்சுது," என்று இத்தா எழுந்தார்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "இத்தா, எனக்காகத்தானே அவரைப் பேச்சுல பிடிச்சு வச்சீங்க?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மோட்டார் எத்தனை கரண்ட் இழுக்கும்னு அவன் கடைசி வரைக்கும் சொல்லலே, பாத்தியா."

அது பதிலா, பதிலை மறைப்பதா என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுத எனக்குத் தெரியவில்லை. ஓடிய தூரத்தையும் நேரத்தையும் மட்டும் எழுதினேன்.

மறுநாள் திங்கள். கீழே மோட்டார் இரைகிற சத்தத்தில் விழித்தேன். கால்கள் மடங்கவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்புறமாகப் படியிறங்கினேன். இத்தா சொல்லியிருந்தபடி, ஊருக்குத் திரும்புகிற வழியில் வளைவுக்காரர் வண்டியை எங்கள் தெருவில் நிறுத்தியிருந்தார். விளம்பரத் துணி இல்லாத மொட்டை வளைவு, ஒரு காலைக் கடைப் படியிலும் மறுகாலை எதிர்ச் சாக்கடை மூடியிலும் ஊன்றி, மின்கம்பிக்குக் கீழே மெல்ல எழுந்துகொண்டிருந்தது. இத்தா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"மோளே, நல்ல சமயத்துல வந்தே. கல்யாண வாசலுக்கு உயரம் பத்துமான்னு தெரியணும். ஒருக்கா உள்ளே கடந்து வா."

ஷூ போடவில்லை, முகம் கழுவவில்லை. காலை அகட்டி அகட்டி அந்தப் பக்கம் போய், வளைவுக்குள் நடந்து வந்தேன். இத்தா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்படிப் பாத்தா தெரியலே. கை ரெண்டையும் தூக்கிட்டு வா."

திரும்பிப் போய், கை இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.